செனிபோங் கரையில் ஒரு மாலை

ஜொகூர் பாருவிலிருந்து கிழக்கே தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பெர்மாஸ் ஜெயா. கடைவீடுகளும் வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த புறநகர். இந்த ஊரைத் தெரிந்துகொள்ள விரும்பினால் விடியற்காலை 4 மணிக்குச் சாலையோரம் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாகப் போகும். சில, பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு. பல, 1924-ல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூருக்கு. அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நெரிசல் நாளில் அதைக் கடக்க மணிக்கணக்காகும்.

தோட்டத்தை விட்டு வந்த நம்மவர்களும் இங்கே இருக்கிறார்கள். சிங்கப்பூர் வெள்ளி நல்ல வெள்ளிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இருட்டில் போனவர் இருட்டில்தான் திரும்புகிறார். வந்ததும் சோறு, கைப்பேசி, தூக்கம். பிள்ளை பேச வந்தால் எரிந்து விழுகிறார். என்னிடம் படித்த ஒருவர் வீட்டுக்குப் பள்ளி விடுமுறையில் போயிருந்தேன். "கொஞ்சம் ஓய்வெடுப்பா" என்றேன். "வீட்டுக் கடன் முடியட்டும் சார், அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார். கடன் முடிய இன்னும் 20 வருடம்!

அவருடைய அம்மா பால்மரம் வெட்டியவர். மகனின் பதிலைக் கேட்டுச் சிரித்தார். "நாங்களும் இருட்டுலதான் போனோம் சார். ஆனா வெட்டி முடிச்சா பால் வடியணுமே? மங்கு நிறையற வரைக்கும் கிராணியே வந்தாலும் காத்துத்தான் ஆகணும். அப்பதான் பசியாறுவோம், வெத்தலை போடுவோம், ஊர்க்கதை பேசுவோம்."

இந்த வேலையைச் செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பட்டைக்குள் அழுத்தம் அதிகம்; அதனால்தான் இருட்டில் வெட்டு. பிறகு இரண்டு மூன்று மணி நேரம் பால் சொட்டிக்கொண்டிருக்கும். மரத்துக்கும் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு. பேராசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அந்த மரத்தை மாதக்கணக்கில் சும்மா விட்டுப் பார்ப்பார்கள். சில மரங்கள் அப்புறமும் பால் தருவதில்லை.

தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்லவில்லை. லயத்து வறுமையை அறியாதவனா நான்? ஆனால் அந்த வேலைக்கு நடுவிலேயே ஓர் இடைவேளை இருந்தது. பட்டணத்து வேலையில் அதை நாமே ஏற்படுத்திக்கொண்டால்தான் உண்டு.

அந்த அம்மா ஏற்படுத்திவிட்டார். ஞாயிறுதோறும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளை செனிபோங்குக்கு இழுத்துக்கொண்டு போகிறார். பெர்மாஸ் ஜெயாவை அடுத்த கடலோரக் கம்பம் அது. எதிரே, நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் செம்பாவாங். வாரம் முழுக்க எந்த நாட்டைப் பிடிக்க ஓடினாரோ, அதை அன்று உட்கார்ந்தபடியே பார்க்கிறார் மகன்! கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி ஏறும். எந்த மேற்பார்வையாளர் அதட்டினாலும் முன்கூட்டி வராது.

நீங்களும் போனால் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் இத்தகைய எளிய பயிற்சியைப் பற்றி 1975-ல் ஒரு நூலே வெளியிட்டார். பத்து நிமிடம் செய்தால் போதும். மனம் கடன் தவணைக்கு ஓடும். ஓடட்டும், மறுபடி மூச்சைக் கவனியுங்கள். தூக்கமின்மையும் நெஞ்சுப் படபடப்பும் நாள்கணக்கில் நீடித்தால் மட்டும் கிளினிக்குக்குப் போங்கள். கடற்காற்று எல்லாவற்றுக்கும் மருந்தாகாது.

மாலை ஐந்தரைக்குப் போவது நல்லது. ஏழு மணிவாக்கில் பொழுது சாயும், பிறகு கொசு விடாது. கடைகளில் நண்டும் இறாலும் கிடைக்கும், விலைதான் கொஞ்சம் கடுமை. அந்த அம்மா வீட்டிலிருந்தே போத்தலில் தேத்தண்ணியும் அவித்த கடலையும் கொண்டு வருகிறார். மகன் இரண்டாவது கோப்பை கேட்கும்வரை அவர் யாரையும் எழுந்திருக்க விடுவதில்லை.