மாமாவோட போட்டும் இருபத்தேழு வோல்ட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். வழக்கமா சினிமா, ஊர்க்கதைன்னு ஏதாவது மொக்கை போடுற ஆளு நான். இன்னிக்கு முழுக்க முழுக்க வயரும் பேட்டரியும்தான். கரண்ட்னாலே அலர்ஜின்னு சொல்றவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம். ஆனா கடைசி வரைக்கும் படிச்சா, பழைய சிஸ்டத்துல புதுசா ஒண்ணைக் கொண்டுபோய் மாட்டுற எல்லாருக்கும் (நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கும் சேர்த்துதான்) இதுல ஒரு விஷயம் இருக்கு.

மொதல்ல ஒரு சின்ன முன்னுரை. நம்ம கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. பலகை மாத்துறது, பெயிண்ட் அடிக்கிறது, எஞ்சின் வேலை எல்லாத்தையும் இந்த ரெண்டு மாசத்துலதான் முடிச்சாகணும். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில என் மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) ஒரு மரப் போட்டு இருக்கு. 2023 தடைக்காலத்துல அதுக்கு எஞ்சின் மாத்தினார். பழசு 12 வோல்ட் எஞ்சின். புதுசா வந்தது ரீகண்டிஷன் பண்ணின 24 வோல்ட் எஞ்சின். அங்கதான் வினையே ஆரம்பம்.

எஞ்சினை மாத்திக் கொடுத்தவங்க எஞ்சின் வேலையைச் சுத்தமாத்தான் செஞ்சிருந்தாங்க. அலைன்மென்ட், கூலிங் பைப், கியர் பாக்ஸ் எதுலயும் குறை சொல்ல முடியாது. வயரிங் மட்டும் பேசின ரேட்டுல கிடையாது. அதனால ஏற்கனவே இருந்த பேட்டரிக்குப் பக்கத்துல இன்னொரு பேட்டரியை வெச்சு, ரெண்டையும் தொடரா இணைச்சு 24 ஆக்கி, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கெளம்பிட்டாங்க. ஜிபிஎஸ், மீன் பாக்குற கருவி, வயர்லெஸ் செட், லைட்டு, தண்ணி இறைக்கிற பம்ப்பு எல்லாம் 12 வோல்ட் சாமான். அதெல்லாம் பழைய பேட்டரியிலயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

தடை முடிஞ்சு மொத தங்கல். ரெண்டாவது நாள் ராத்திரி லைட்டு மங்க ஆரம்பிச்சது. அப்புறம் வயர்லெஸ். அடுத்தவங்க பேசுறது கேக்குது, மைக்கை அமுக்கினா செட்டே அணைஞ்சு போகுது. விடியக்காலம் ஜிபிஎஸ்ஸும் கண்ணை மூடிருச்சு. ஆனா எஞ்சின் ஜம்முனு ஓடுது. பேனல்ல வோல்ட் மீட்டர் 27ன்னு காட்டுது. காம்பஸ்ஸை வெச்சு மேற்கால ஓட்டி, பக்கத்துல நின்ன போட்டுக்காரங்க வெளிச்சத்தைப் புடிச்சுக் கரை வந்து சேந்தாங்க.

இது ஏதோ லைட்டு போன சமாச்சாரம்னு நெனைச்சுராதீங்க. 1974லயும் 1976லயும் ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல வந்த எல்லைக்கோடு அது. வரைபடத்துல இருக்கு, தண்ணியில இல்லை. ராத்திரி நேரம் நீரோட்டம் இழுக்குறப்போ நாம இந்தப் பக்கம் நிக்கிறோமா, அந்தப் பக்கமான்னு சொல்ல ஜிபிஎஸ்ஸை விட்டா வேற நாதி இல்லை. தாண்டினா ஆளுங்க இலங்கைச் சிறையில, போட்டு அவங்க துறைமுகத்துல. மாமா போன்ல சொன்னது இன்னும் காதுல நிக்குது.

"எஞ்சின் நின்னுபோச்சுன்னா கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்துருவானுவ மாப்ள. ஜிபிஎஸ் நின்னுபோச்சுன்னா எங்க நிக்கிறோம்னே தெரியாதே. ஆறு பேரு உசுரு இருக்குல்ல உள்ளார."

மாமா சும்மா இருக்கலை. பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டுட்டு அதே இடத்துல புதுசு வாங்கி வெச்சார். ஒரு தங்கல்தான் தாங்குச்சு. அடுத்து ஜிபிஎஸ் கருவிதான் கோளாறுன்னு யாரோ சொல்ல, தெரிஞ்சவங்ககிட்ட வேற ஒண்ணு எரவல் வாங்கி மாட்டிப் பாத்தார். அதுவும் அணைஞ்சது. அப்புறம்தான் எனக்கு அழைப்பு. "நீ கரண்டுதானே படிச்சே, வந்து பாரு." நான் நாலு வருஷம் இ.இ.இ. படிச்சுட்டு ஜாவா எழுதிப் பொழைக்கிறவன்னு எங்க வீட்ல யாருக்கும் புரியவே புரியாது :-)

சனிக்கிழமை போய் இறங்கினேன். ஊர்லயே அனுபவஸ்தரான ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனும் வந்திருந்தார். மொதல்ல எர்த்தைப் பாத்தோம். மரப் போட்டுல ஒரு விஷயம் உண்டு. காரு, லாரி மாதிரி பாடியே மைனஸ்ஸா வேலை செய்யாது. மரத்துல கரண்ட் போகாது இல்லையா? அதனால ஒவ்வொரு சாமானோட மைனஸ்ஸும் வயர் வழியாத்தான் திரும்பி வரணும். பழைய ஆளுங்க எல்லா மைனஸ்ஸையும் எஞ்சின் பிளாக்குல ஒரே போல்ட்டுல முடிஞ்சு வெச்சிருந்தாங்க. புது எஞ்சின் வந்தப்போ அதே கொத்தைப் பெயிண்ட் அடிச்ச பிராக்கெட் மேல வெச்சு முறுக்கியிருக்காங்க. பெயிண்ட்டுக்கு மேல போல்ட், அதுக்குள்ள உப்புக் காத்து, முனையெல்லாம் பச்சைக் களிம்பு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. மல்டிமீட்டரோட ஒரு முனையைப் பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணை எஞ்சின் பிளாக்ல வெச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும். நல்ல எர்த்துன்னா அரை வோல்ட்டுக்குள்ள காட்டும். இங்க 1.8 காட்டுச்சு. அண்ணன் பெயிண்ட்டைச் சுரண்டி, லக்கு எல்லாம் புதுசா அடிச்சு, தடியான கேபிளைப் போட்டார். 0.2க்கு இறங்கிருச்சு. பம்ப்பு போட்டா லைட்டு மங்குறது நின்னுபோச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். டீ வந்துருச்சு.

"அவ்ளோதான் தம்பி, எர்த்துதான் வேலை காட்டியிருக்கு"ன்னார் அண்ணன்.

எனக்கு மனசு ஒப்பலை. எர்த்து சரியில்லைன்னா போட்டவுடனேயே மங்கணும். ரெண்டு நாள் கழிச்சு ஏன் மங்கணும்? நேரம் ஆக ஆக மோசமாகுற கோளாறுன்னா எங்கயோ கொஞ்சம் கொஞ்சமா ஏதோ தீர்ந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நம்ம பாஷையில சொன்னா மெமரி லீக். அதனால கரையில நிக்கிறப்பவே எல்லா லைட்டையும் கருவியையும் போட்டுவிட்டு, மூணு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன். டீசல் செலவைப் பத்தி மாமா ஒரு வார்த்தை சொல்லலை.

மூணு மணி நேரம் கழிச்சு பேனல் மீட்டர் 27.4. பிரமாதமான சார்ஜ். அப்புறம் ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா அளந்தேன். மேல் பேட்டரி 15.6. கீழ் பேட்டரி 11.8.

கூட்டிப் பாருங்க. சரியா 27.4.

மேல் பேட்டரி கொதிச்சு, மூடி வழியா குமிழ் விட்டுக்கிட்டு இருக்கு. கீழ் பேட்டரி பசியில சாகுது. மீட்டர் பொய் சொல்லலை, ரெண்டு பேரோட கூட்டுத்தொகையை மட்டும் சொல்லுச்சு. தொடர்ல இருக்குற ரெண்டு பேட்டரிக்குள்ளயும் ஆல்டர்னேட்டர் ஒரே அளவு கரண்ட்டைத்தான் தள்ளும். கீழ இருக்கறதுலேருந்து மட்டும் லைட்டும் கருவியும் உறிஞ்சினா, மேல உள்ளது சீக்கிரம் நெறைஞ்சுரும். நெறைஞ்சதும் அதோட வோல்ட் ஏறும். மொத்தம் 27 தாண்டிருச்சுன்னு ரெகுலேட்டர் கரண்ட்டைக் குறைச்சுரும். கீழ உள்ளதுக்கு வர்றதை விடப் போறது அதிகமாயிரும். அந்த எடத்துல எத்தனை புது பேட்டரி வெச்சாலும் இதே கதிதான்.

அண்ணன் ஒரு நிமிஷம் மீட்டரையே பாத்துக்கிட்டு நின்னார். "லாரியில ரேடியோவுக்கு இப்படி ஒரு பேட்டரியிலதான் தம்பி எடுப்போம், ஒண்ணும் ஆனதில்லையே"ன்னார். உண்மைதான். ரேடியோ இழுக்குறது ஒண்ணு, ரெண்டு ஆம்பியர். போட்டுல லைட்டு, கருவி எல்லாம் சேத்து ராத்திரி பூரா 8 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 80 ஆம்பியர் அவர். 150 ஆம்பியர் அவர் பேட்டரியில பாதிக்கு மேல காலி. மைக்கை அமுக்கினா செட்டு ஏன் அணைஞ்சதுங்கறதும் இதுலயே இருக்கு. 25 வாட் வயர்லெஸ் செட்டு கேக்குறப்போ அரை ஆம்பியர்கூட இழுக்காது, பேசுறப்போ 5, 6 ஆம்பியர் இழுக்கும். ஆபத்துன்னு 16ஆம் சேனல்ல கூப்பிடுற நேரத்துலதான் அது காலை வாரும்.

செஞ்ச வேலை இவ்ளோதான்:

1. ஒரே கம்பெனி, ஒரே அளவுல ரெண்டு பேட்டரியும் புதுசு. ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னு ஜோடி சேக்கக் கூடாது.

2. 24ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் ஒண்ணு, 30 ஆம்பியர். 12 வோல்ட் சாமான் எல்லாம் அதுக்குப் பின்னாடி. நடுவுலேருந்து ஒரு வயர்கூட எடுக்கக் கூடாது. பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ்.

3. ஜிபிஎஸ்ஸோட பின்பக்க லேபிள்ல 10லேருந்து 35 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு போட்டிருந்துச்சு. அதனால அதை மட்டும் தனி ஃபியூஸ் போட்டு நேரா 24ல குடுத்தாச்சு. கன்வெர்ட்டரே படுத்தாலும் ஜிபிஎஸ் முழிச்சுக்கிட்டு இருக்கும்.

4. டேப் சுத்தின ஜாயிண்ட்டெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு, வெள்ளீயம் பூசின செப்புக் கம்பி.

அஞ்சாவதா நான் வெச்சுட்டு வந்தது ஒரு சாதா மல்டிமீட்டர். போட்டு டிரைவர் அண்ணனுக்கு ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா அளக்கக் கத்துக்கொடுத்தேன். அவர் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது தாண்டாதவர். பத்து நிமிஷத்துல புடிச்சுக்கிட்டார். அடுத்த தங்கல் முடிஞ்சு வந்ததும் ஒரு சிகரெட் அட்டையைப் போட்டோ புடிச்சு அனுப்பினார். அஞ்சு நாளும், காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஜோடி ஜோடியா நம்பர். எல்லாம் 13.7, 13.8. எந்த ஜோடியிலயும் 0.1க்கு மேல வித்தியாசம் இல்லை. நான் வேலை பாக்குற எடத்துல இவ்ளோ ஒழுங்கா லாக் எழுதுற ஒரு ஆளைக்கூடப் பாத்ததில்லை.

எனக்குத் தோணுறது இதுதான். லட்சக்கணக்குல காசு போட்டு எஞ்சின் மாத்துறோம். எஞ்சினும் நல்ல எஞ்சின், பழைய வயரும் பன்னெண்டு வருஷம் உழைச்ச வயர். ரெண்டும் சந்திக்கிற எடம் இருக்கு பாருங்க, அது யாரோட ரேட்டுலயும் இல்லை. அதனால அது யாரோட வேலையும் இல்லாமப் போயிருது. ராத்திரி கடல்ல அந்த எடத்துல போய் நிக்கிறது அந்த ஆறு பேருதான். உங்க சொந்தக்காரங்க யாராவது போட்டோ லாரியோ எஞ்சின் மாத்துறாங்கன்னா, வயரிங்கையும் சேத்து ரேட்டு பேசச் சொல்லுங்க. ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா அளக்கச் சொல்லுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் எங்க வீட்டு இன்வெர்ட்டர் ஓடலைன்னு பின்னூட்டம் போடாதீங்க. ஏற்கனவே ஊர்ல மூணு போட்டுக்காரங்க என் நம்பரை வாங்கி வெச்சிருக்காங்க :-)