மூன்று நாள் களி போதாது

ஆடி, முதல் வெள்ளி

தெருமுனை அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். மகளுக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள், அவள் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தூக்கில் கூழும், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார். இந்த நாளுக்கு இதைவிட நல்ல சாப்பாட்டை எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தேடினாலும் காணமுடியாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைப்பதால், இரும்பை உடம்பில் சேரவிடாத பைட்டிக் அமிலம் குறைகிறது. நம் பாட்டிமார் கைப்பழக்கம் எவ்வளவு சரியானது!

சனி

கோர்வைச் சேலை தறியில் இருக்கிறது. எதிர்க்கரைக்கு நாடா தள்ள ஆள் வேண்டும், அந்த ஆள் நான். எனக்கும் தொடங்கிவிட்டது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்தே இருந்ததில் மதியத்துக்குள் இடுப்பு கழன்றுபோனது. சோறு தின்ற கையோடு டீ வரும். தறி வீடுகளில் டீ இல்லாமல் பொழுது ஓடாது. ஆனால் சாப்பாட்டோடு சேர்ந்த டீ, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். இன்று டீக்குப் பதில் சுக்குமல்லி போட்டேன். எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகு சீரகத்தோடு இடிபடுகிற அதே சுக்கு, மாதவிடாய் வலியைக் குறைப்பதாக ஆய்வுகளும் சொல்கின்றன.

திங்கள்

மகளுக்கு முட்டை வேகவைத்தேன். "இந்த நேரத்துல முட்டை சூடு, தயிர் ஆகாது" என்றார் அத்தை.

"வயசுக்கு வந்தப்ப நீங்கதானே அத்தை பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடுத்தீங்க?"

"அது சடங்குக்கும்மா."

அவர் அன்பில் குறையே இல்லை. கை வலிக்க உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றி, கருப்பட்டியோடு பேத்திக்கு ஊட்டியவர். அந்தக் கவனிப்பு ஏன் சடங்கோடு நின்றுபோகிறது என்பதுதான் என் ஆதங்கம். மாதந்தோறும் சராசரியாக 30, 40 மில்லி ரத்தம் போகிறது. ஒரு மில்லிக்கு அரை மில்லிகிராம் இரும்பு. சைவச் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று நாள் களியில் அது ஈடாகுமா? மாதம் முழுக்கச் சத்தாகத் தின்றால்தான் ஆகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு, நாளொன்றுக்குப் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பு, ஆணுக்கு 19. எங்கள் வீட்டுத் தட்டுகளில் இது தலைகீழ். தறியில் உட்காருகிறவருக்கு முதல் சோறு, அடிச்சட்டி எங்களுக்கு. நாங்களும் தறியில்தானே உட்காருகிறோம்! தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்.

வியாழன்

ராஜாஜி மார்க்கெட்டில் அரைக்கீரை, எலுமிச்சை, நெல்லிக்காய். கீரையோடு புளிப்பு சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். எள்ளும் வெல்லமும் இடித்து டப்பாவில் போட்டுவைத்தேன். பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற மாத்திரை குமட்டுகிறது என்று மகள் அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்டபின் போட்டுக்கொள் என்றேன். முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் போட்டுக்கொண்டாள். இன்று நான் பரிமாறும்போது அத்தை தட்டிலும் முட்டை வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

நாளை நானும் மகளும் சுகாதார நிலையத்துக்கு ரத்தம் பார்க்கப் போகிறோம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் கீரை மட்டும் போதாது. அவளுக்கு ஏழு நாளுக்கு மேல் படுகிற மாதங்களும் உண்டு, அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.