ஜன்னலோரத்து வெயில்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மன்னார்குடியிலிருந்து கிளம்பி, 2022 டிசம்பரில் மான்செஸ்டரில் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த என் மாமியார், கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"ஏம்மா, பச்சப்புள்ள இருக்கிற வீட்டுல இதப் போயி உள்ள விட்டிருக்கீங்களே?"

நான் என்ன பதில் சொல்வேன்? ஹாலில் ஜன்னலை ஒட்டி ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஆமை. பெயர் அப்பு. என் ஒன்பது வயது மகன் இரண்டு வருஷமாக நச்சரித்து வாங்கிய சொத்து. அவனுக்கு நாய்தான் ஆசை. இவருக்கோ நாய் பூனை முடி பட்டாலே தும்மல். கடைசியில் ஆமையில் வந்து சமாதானமானார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஊரில் இருக்கும் சகோதரிகள் யாரும் ஆசைப்பட்டுவிடக்கூடாது. நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எங்கள் அப்பு ஹெர்மன் ஆமை என்ற ஜாதி. இத்தாலி, கிரீஸ் பக்கத்து மலங்காட்டில் வாழ்வது. ஒரு காலத்தில் அங்கிருந்து கப்பல் கப்பலாகப் பிடித்து வந்து இங்கிலாந்தில் விற்றார்கள். வந்ததில் ஏகப்பட்டது முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போகும். 1984-ல் அந்த வியாபாரத்துக்குத் தடை போட்டார்கள். இப்போது இங்கேயே முட்டையிட்டுப் பொரித்த குட்டிகளைத்தான், அதுவும் சர்ட்டிபிகேட்டோடுதான் விற்க வேண்டும். அப்புவுக்கும் சர்ட்டிபிகேட் உண்டு. "எனக்குக்கூட இத்தனை பேப்பர் கேக்கல" என்று இவர் கேலி செய்வார்.

தொட்டியும் விளக்கும் ஒரு கடையில் வாங்கினோம். விளக்கு டப்பாவில் சூரியன் படம் போட்டு, 'பகல் வெளிச்சம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைக்காரப் பையன் "ஆமைக்கு இது போதும்" என்றான். போதாததற்குத் தெற்குப் பார்த்த ஜன்னல் வேறு இருக்கிறதே, இந்த ஊரில் வெயில் எட்டிப் பார்த்தால் அங்கேதான் பார்க்கும் என்று தொட்டியை அதை ஒட்டியே வைத்தேன்.

அந்த நவம்பரில்தான் எனக்குச் சின்னவள் பிறந்தாள். அத்தை வந்ததே பிள்ளை பார்க்கத்தான். வந்த மறுநாளே நல்லெண்ணெய் காய்ச்சி, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு உருவி, குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, ஒரு பூந்துவாலையில் சுற்றி அதே ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்.

"இளவெயில் பட்டாத்தான் எலும்பு முத்தும்" என்பார். எங்கள் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு பக்கம் ஆமை, ஒரு பக்கம் குழந்தை. வெளியே பனி, உள்ளே பொன்னாக ஒரு கீற்று வெயில். அந்தக் காட்சியைப் போட்டோகூட எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் மகன் வந்து, "அம்மா, அப்பு வயித்தத் தேச்சுக்கிட்டே நடக்குதும்மா" என்றான். ஆமை என்றால் தேய்த்துக்கொண்டுதானே நடக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். நல்ல ஆமை நாலு காலையும் ஊன்றி, உடம்பைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, பார்த்தால் சின்ன யானை மாதிரி நடக்குமாம். எடுத்துப் பார்த்தேன். விரல் பட்ட இடத்தில் முதுகு ஓடு லேசாக உள்ளே போய் வந்தது. பழைய பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. எனக்குக் கை நடுங்கிவிட்டது. எத்தனை நாளாக இப்படி இருந்ததோ, தினமும் கீரை போட்ட கை இதைத் தொட்டுப் பார்க்கவில்லையே.

பிராணி டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். வயதான அம்மாள், பேச்சு மெதுவாக இருக்கும். படத்தில் எலும்பெல்லாம் வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் புகை படிந்தாற்போல் மங்கலாக இருந்தது. "உணவில் சுண்ணாம்புச் சத்து போதவில்லை, இருப்பதை உடம்பு எடுத்துக்கொள்ளவும் வழியில்லை" என்றார். எந்த விளக்கு என்று கேட்டார். செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இது வெளிச்சம் தரும், சூடு தரும். ஆமைக்கு வேண்டிய கதிர் இதில் இல்லை."

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அதில் பி என்று ஒரு வகை. அது தோலில் பட்டால்தான் உடம்பு டி வைட்டமின் தயாரிக்கும். டி வைட்டமின் இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். இல்லாவிட்டால் ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். ஆமைக்கு ஓடும் எலும்புதான்.

"விளக்கு இல்லாவிட்டால் என்ன டாக்டர், ஜன்னல் வெயிலில்தானே வைத்திருந்தோம்?" என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே.

"திறந்த ஜன்னலா?"

பிப்ரவரியில் மான்செஸ்டரில் யார் ஜன்னலைத் திறப்பார்கள்?

"ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும். பி கதிரை அநேகமாக முழுக்கத் தடுத்துவிடும்."

எனக்குச் சொரேர் என்றது. ஆமை மறந்துபோச்சு. "டாக்டர், என் குழந்தையையும் அங்கேதான் வைக்கிறோம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் மனிதர்களுக்கு டாக்டர் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு ஆமை, குழந்தை என்று வித்தியாசம் தெரியாது. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்" என்றார்.

இதில் என்னைக் குத்தியது கண்ணாடி விஷயம்கூட இல்லை. பிரசவமான பத்தாம் நாளே வீட்டுக்கு வந்த நர்ஸம்மா, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு வயசு வரை தினமும் டி வைட்டமின் சொட்டு விட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். பாட்டிலும் வாங்கினேன். அத்தை வந்ததும், "தாய்ப்பால் குடிக்கிற புள்ளைக்கு மருந்து எதுக்கு? அதான் வெயில் காட்டுறேன்ல" என்றார். சரி, பெரியவர் சொல்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால், ஓமத் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் அது சீல்கூட உடையாமல் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குச் சமையலறையில் வார்த்தை தடித்துவிட்டது. "நான் வேணும்னா செஞ்சேன்? மூணு புள்ள வளத்தவ" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மைதான். மன்னார்குடியில் அவர் திண்ணையில் வைத்துக் காட்டியது நிஜ வெயில். குறுக்கே கண்ணாடி கிடையாது. சென்னை 13-வது அட்சரேகையில் இருக்கிறது, நாங்கள் 53-ல் இருக்கிறோம். இங்கே அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் சூரியன் ரொம்பத் தாழ்வாகவே போகிறது. சாய்ந்து வரும் வெயிலில் பி கதிர் காற்றிலேயே கரைந்துவிடும். அந்த மாசங்களில் திறந்தவெளியில் நின்றாலும் பிரயோஜனமில்லை. போதாததற்கு நம் மாதிரி கறுப்புத் தோலுக்கு வெள்ளைக்காரர்களைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? எட்டு வருஷமாக இங்கே இருந்த எனக்கே தெரியவில்லையே.

குழந்தையை டாக்டரிடம் காட்டினேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கே சொட்டு ஆரம்பியுங்கள் என்றார். இங்கே ஒரு நாளைக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம் வரை சொல்கிறார்கள். 10 மைக்ரோகிராம் என்றால் 400 யூனிட். நம் ஊர்க் குழந்தை டாக்டர்களும் முதல் வருஷத்துக்கு இதே 400 யூனிட்தான் சொல்கிறார்கள். வந்த கையோடு என் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். 25-க்குக் கீழே போனால் குறைபாடு, எனக்கு 19. பிரசவத்துக்கு அப்புறம் இடுப்பும் தொடையும் விட்டுப்போகிற மாதிரி வலித்ததே, பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனே, அதற்குக் காரணம் தெரிந்தது.

இனி அப்பு கதைக்கு வருகிறேன். டாக்டரம்மா கால்சியமும் மருந்தும் கொடுத்தார். மீதி உங்கள் கையில் என்றார். முதலில் கண்ணாடித் தொட்டியைத் தூக்கினோம். இவர் பழைய புத்தக அலமாரியை மல்லாக்கப் போட்டு, மேலே திறந்த மரப்பெட்டியாக ஒன்று செய்தார். ஊர்வன பிராணிகளுக்கென்றே வரும் 12 சதவீத டியூப் லைட் ஒன்று, 24 வாட்ஸ், 55 சென்டிமீட்டர் நீளம், பின்னால் பளபளக்கும் தகடு வைத்தது. ஆமையின் முதுகுக்கு மேலே சுமார் 40 சென்டிமீட்டரில் தொங்கவிட்டோம். எந்த டியூபுக்கு எத்தனை உயரம் என்று டப்பாவிலேயே அட்டவணை இருக்கிறது. ரொம்பக் கிட்டே வைத்தால் கண் கெட்டுப்போகும். தூரப் போனால் கதிர் எட்டாது. வெயில் மாதிரி தலைக்கு மேலிருந்துதான் விழ வேண்டும், பக்கவாட்டில் கூடாது. பெட்டியில் பாதிக்கு வெளிச்சம், பாதிக்கு நிழல். வேண்டியபோது அதுவே போய்வரும்.

டியூபுக்குப் பக்கத்திலேயே ஒரு சூட்டு பல்பு. அதன் அடியில் 32, 33 டிகிரி இருக்க வேண்டும். கதிர் மட்டும் போதாது, உடம்பு சூடாக இருந்தால்தான் தோலில் டி வைட்டமின் உருவாகி முடியுமாம். குழந்தை தவழ ஆரம்பித்தால் கையை விடுவாளே என்று பெட்டிக்கு மேலே தெளிவான பிளாஸ்டிக் மூடி போடலாம் என்றார் இவர். அதுவும் கண்ணாடி கதைதான் என்று டாக்டர் தடுத்தார். கம்பி வலைகூடக் கணிசமாகக் குறைத்துவிடுமாம். பெட்டியை உயரமான மேஜைக்கு ஏற்றிவிட்டோம்.

ஒரு மாசம் போயிற்று. அப்பு அப்படியேதான் கிடந்தான். சரியாகத்தானே செய்கிறோம் என்று குழம்பினேன். ஒருநாள் மத்தியானம் மருந்துக் கடைக்குப் போனவள் பர்ஸை மறந்து திரும்பி வந்தால், ஹால் இருட்டாக இருக்கிறது. அத்தை!

"பகல்ல எதுக்கும்மா லைட்டு? கரண்ட் பில்லு என்னாத்துக்கு ஆவுறது?"

தினமும் நான் குழந்தையோடு கண்ணயர்ந்ததும் அணைத்துவிட்டு, மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரத்துக்குப் போட்டுவிடுவாராம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். டியூப் 24 வாட்ஸ், 12 மணி நேரம் எரிந்தால் கால் யூனிட்டுக்குச் சற்று மேலே. சூட்டு பல்பு 100 வாட்ஸ், 1.2 யூனிட். இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். "அவ்வளவுதானா?" என்றார். அடுத்த நாள் டைமர் வாங்கிப் பொருத்தினோம். காலை ஏழுக்கு 'டிக்' என்று போடும், ராத்திரி ஏழுக்கு அணைக்கும்.

அந்த நாட்களில் நூலகத்தில் இதைப்பற்றி எடுத்துப் படித்தேன். 1919-ல் பெர்லினில் ஹூல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், ரிக்கெட்ஸ் வந்து எலும்பு மெலிந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் கீழ் வைத்தாராம். ஒரு கையில் மட்டும் கதிர் படும்படி செய்து பார்த்தால், இன்னொரு கை எலும்பும் தேறியதாம். கதிர் பட்ட தோலில் உண்டாவது ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது என்பதற்கு அதுதான் ருசு. இதை அத்தைக்குப் படித்துச் சொன்னேன். "அப்ப புள்ளைக்கு வந்த வெளக்குதான் ஆமைக்கு வந்திருக்கு" என்றார்.

சாப்பாட்டையும் மாற்றினோம். கடையில் விற்கும் லெட்டூஸும் வெள்ளரிக்காயும் வெறும் தண்ணீர். தோட்டத்தில் தானாக முளைக்கும் டான்டெலியன் இலை, பூ, இதெல்லாம்தான் அதற்குச் சோறு. கடித்துக்கொள்ள ஒரு கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்பார்களே, அதேதான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொன்று முக்கியம். ஆமை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சால்மொனெல்லா கிருமி அதன்மேல் இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். அதன் பாத்திரம் சமையலறைத் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. சின்னவள் அதைத் தொடவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மே மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தோட்டத்துப் புல்லில் விட்டோம். அப்பு கொஞ்ச நேரம் கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருந்தான். பிறகு முன்னங்காலை ஊன்றினான். பின்னங்கால். வயிறு தரையை விட்டு எழும்பியது. மகன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஓடு கெட்டிப்பட்டுவிட்டது. ஆனால் முதுகில் ஒரு பள்ளம் நிரந்தரமாக நின்றுவிட்டது; அது சரியாகாது என்றார் டாக்டர். ஐம்பது வருஷத்துக்கு மேலும் வாழக்கூடிய ஜீவன், அந்தப் பள்ளத்தோடுதான் வாழ வேண்டும். தடவும்போதெல்லாம் என் விரல் அங்கே போய் நிற்கிறது.

அத்தை ஜூனில் ஊருக்குத் திரும்பினார். கிளம்பும் வரை சொட்டு மருந்து அவர் பொறுப்பு. டைமர் 'டிக்' என்று போட்டதும், "வெயில் வந்தாச்சு, வாடி தங்கம்" என்று சின்னவள் வாயில் விடுவார்.

அந்த வருஷக் குளிருக்கு அப்புவைத் தூங்கவிடவில்லை. 2024 குளிருக்குத்தான் உடம்பு தேறியது என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். இங்கே ஆமையைத் தூங்கவைப்பது எங்கே தெரியுமோ? ஃப்ரிட்ஜில்! நிலையாக 5 டிகிரியில், காற்றுக்குத் தினமும் கதவைத் திறந்து மூடி, அவ்வப்போது எடை போட்டுப் பார்த்து. போனில் இதைக் கேட்ட அத்தை, "அடப்பாவி, தயிருக்குப் பக்கத்துலயா?" என்று அலறிவிட்டார். இல்லை அத்தை, அதுக்குத் தனி ஃப்ரிட்ஜ் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

டியூப் பார்வைக்குப் பளிச்சென்றுதான் எரியும். உள்ளே கதிர் குறைந்துகொண்டே வரும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். மகன் டியூபின் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதி வைத்திருக்கிறான். மார்ச் பிறந்துவிட்டால் மன்னார்குடியிலிருந்து போன் வருகிறது. என்னையோ இவரையோ விசாரிப்பதற்கு முன்னால், "பேராண்டி, அப்புவுக்கு வெளக்கு மாத்தியாச்சா?"