சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

1941-ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அவர்கள் வைத்த கோரிக்கைகளை இளைஞர்கள் ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது கூலி. சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு என்கிறார்கள். அதோடு பிள்ளைகளுக்கு உருப்படியான பள்ளி, ஒழுங்கான வைத்தியம், பெண்களிடம் வாலாட்டுகிறவர்களுக்கு ஒரு முடிவு, உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி. எல்லாம் பெரிய விஷயங்கள். இவற்றோடு சமமாக உட்கார்ந்திருக்கிறது இன்னொன்று: தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோ கணக்கெழுதும் கிராணியோ எதிரில் வந்தால் இனி சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

இறங்கினால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். கூலி குறையாது, உயிரும் போகாது. சம்பள நாளில் கடைக்குப் போய்விட்டு, பின்னால் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் மிதித்து வருகிறான் ஒருவன். எதிரில் துரையின் கார். இறங்கி ஓரமாக நின்று, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கார் போன பிறகு ஏறி மிதிக்க வேண்டும். கொஞ்சத் தூரத்தில் கிராணி நடந்து வருவார். மறுபடியும் இறங்க வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாத சங்கதி. தினமும் நடப்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. அப்படிப்பட்ட ஒன்றைக் கூலிக்குப் பக்கத்தில் எழுதிவைக்க ஒரு தெளிவு வேண்டும். மனிதன் கரைந்துபோவது பெரும்பாலும் இந்த அரை நிமிடங்களில்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே பட்டியலில் கள்ளுக்கடையை மூடு என்ற கோரிக்கையும் உண்டு. இதை நம் மேடைப் பேச்சாளர்கள் அதிகம் சொல்வதில்லை. துரையைப் பார்த்து விரல் நீட்டியவர்கள், அதே மூச்சில் தங்கள் பக்கத்து ஓட்டையையும் காட்டினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

வேலைநிறுத்தம் வென்றதா? இல்லை. முன்னின்ற ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் இருந்தவர் அவர். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லித் தோட்டங்கள் கொதித்தபோது சிலாங்கூரில் பட்டாளம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மிச்சப்பட்டவர்கள் பால் வெட்டும் உளியை எடுத்துக்கொண்டு காலைப் பெரட்டுக்குத் திரும்பினார்கள். அந்த வருடம் டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் கரையேறினான். அடுத்த ஜனவரியில் கோலாலம்பூர் அவன் கையில். அவனுடைய சிப்பாய்களில் ஏராளமானோர் நாட்டின் தெற்கு நோக்கி இறங்கி வந்தது சைக்கிளில்தான். வரலாறு சில சமயம் இப்படிக் குரூரமாக நக்கலடிக்கும். துரைமார்கள் ஓடிப்போனார்கள். நம் ஆட்கள் இப்போது காவல் சாவடிகளில் இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டியதாயிற்று. குனியாதவனுக்குக் கன்னத்தில் அறை. பல்லாயிரம் பேரை சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம்.

அப்படியென்றால் அந்தச் சைக்கிள் கோரிக்கைக்கு என்ன அர்த்தம் என்று என் பேரன் கேட்டான். நல்ல கேள்வி. துப்பாக்கி முனையில் குனிந்தவன் எதையும் இழக்கவில்லை என்பது என் கட்சி. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்க, உயிரோடு திரும்புவது அவன் கடமை. குனிந்தது முதுகு மட்டும்தான். எனக்குப் பயம் வேறொரு வகைக் குனிதலைப் பார்த்து. துரை இல்லை, துப்பாக்கி இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் இறங்கி ஓரமாக நிற்கிறோமே, அது.

இன்றைக்கு நம்மை இறங்க வைப்பவை வேறு. பெடரல் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நெரிசலில் உட்கார்ந்தால் கோயில் தலைவருக்கும் வாயில் கெட்ட வார்த்தை வருகிறது. தண்ணீர் இரண்டு நாள் வரவில்லையென்றால், லோரி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரின் வாளியைக் காலால் தள்ளுகிறோம். அலுவலக முகப்பில் எண்ணுக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் நம் முறை வரும்போது அங்கே உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணின் மேல் எரிந்து விழுகிறோம். அவள் என்ன செய்வாள், சட்டம் போட்டது அவளா? நாற்பது வருடம் கட்டிக் காத்த நல்ல பெயரை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இறக்கி வைத்துவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வந்து, ‘நான் எப்பவுமே பட்டுன்னு பேசிடுவேன், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்’ என்று அதற்கு ஒரு பெருமை வேறு. கவனித்துப் பாருங்கள், இப்படிச் சொல்கிறவர்கள் பட்டென்று பேசுவது உணவகத்துப் பையனிடம்தான். முதலாளியிடம் ஒருநாளும் பேசியதில்லை.

‘காலம் மாறுது தாத்தா, மாறாம எப்படி இருக்கிறது’ என்கிறார்கள் பிள்ளைகள். மாற வேண்டாம் என்று யார் சொன்னது? நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன், பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவன். அந்தப் பேட்டையைப் பார்த்தால் மாற்றம் என்றால் என்னவென்று தெரிந்துவிடும். ஒரு காலத்தில் அங்கே செங்கல் சூளைகள். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, இனி கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட, சீனச் சமூகத் தலைவரான காப்பித்தான் சூளை வைத்தார். பிறகு சூளை போய் ரயில்வே வந்தது. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் எழுத்தர்களும் தொழிலாளர்களும் வந்தார்கள். குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக எழுந்தது. ரயில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் பெரிய முற்றம் இருந்த இடத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையத்தைத் திறந்தார்கள். 2010-இல் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார். தோரண வாயிலும் யானைச் சிலைகளும் வந்தன.

என் வயது நண்பர்கள் ‘பழைய பிரிக்பீல்ட்ஸ் போச்சு’ என்று புலம்புவார்கள். எந்தப் பழைய பிரிக்பீல்ட்ஸ் என்று நான் கேட்பேன். சூளைக்காரனுக்கு நம் குவார்ட்டர்ஸே அநியாயமாகத்தான் தெரிந்திருக்கும். எண்ணெய்ப் புகையும் வாளிக் கழிப்பறையும் எனக்கு ஒன்றும் ஏக்கம் தரவில்லை. அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடு என்பதும் சரியில்லை. 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமத்தின் இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று 2014-இல் செய்தி வந்தபோது, எத்தனையோ பேர் எழுந்து நின்று கூடாது என்றார்கள். அந்தக் கட்டடம் பிறகு பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். இதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. பிரிக்கத் தெரிந்த சிலரைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால், அந்தத் தெருக்களில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள் நிறைய. அவர்கள் உடம்பு பிடித்துவிடும் நிலையங்களும் நிறைய. நடைபாதையில் அவர்களுக்காகவே மேடு வைத்த மஞ்சள் கற்கள் பதித்திருப்பார்கள். அதன் மேல்தான் நம் பையன்கள் மோட்டாரை நிறுத்துவார்கள். நான் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் கடை வாசலில் ஒருநாள் ஒருவர் வந்தார். அப்படியொரு நிலையத்தில் பிடித்துவிடும் வேலை பார்ப்பவர். கோல் மோட்டாரின் சக்கரத்தில் இடித்தது. கையால் தடவி, எது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டார். சுற்றிப் போயிருக்கலாம். போகவில்லை. கோலால் மோட்டாரின் தகரத்தில் ‘டங் டங்’ என்று ஓங்கித் தட்டினார். கடையே திரும்பிப் பார்த்தது.

‘யாரு மோட்டார் லா இது?’

‘என்னுதுதான் அங்கிள். ரெண்டே நிமிசம்...’

‘சரி தம்பி, ரெண்டு நிமிசம். அதுவரைக்கும் நான் எங்க நடக்கட்டும், ரோட்டுலயா? நீ கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை ரோட்டுல நடந்து காட்டு, அப்புறம் நான் போறேன்.’

குரல் உயரவில்லை. சிரிப்பும் இல்லை. பையன் ரொட்டியைப் பாதியில் விட்டு எழுந்துபோய் வண்டியைத் தள்ளினான். அவர் ‘தேங்க்ஸ்’ சொல்லிவிட்டு மஞ்சள் கல்லின் மேல் நடந்து போனார். பிறகொரு நாள் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தினமும் இதே தொல்லைதானே, கோபம் வராதா என்று கேட்டேன். ‘வரும் சார், வராம எப்படி? கோபத்தோட போய் ஆளு மேல கை வச்சா கை கல்லு மாதிரி ஆயிடும். வந்து படுத்திருக்கிறவன் கண்டுபுடிச்சிடுவான். அதனால தெருவுல உள்ளதைத் தெருவுலயே சொல்லி முடிச்சிடுறது’ என்றார். அவ்வளவு ஓங்கித் தட்டியது ஏன் என்றதற்கு, ‘வேணும்னேதான். உள்ள உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கேக்கணும்ல?’ என்றார். மனதில் அடக்கிவைத்துக் குமுறவும் இல்லை, கண்டபடி கத்தவும் இல்லை.

பெரிய இடத்திலும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்கு இன்று துன் சம்பந்தன் பெயர். அதில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேர் அவரைப் பற்றி யோசிப்பார்களோ தெரியாது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தலைமுறையாக லயத்தில் இருந்தவர்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தார்கள். இந்தத் தோட்டத் துண்டாடலுக்கு வீ.தி. சம்பந்தன் கண்ட மருந்து 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி போட்டுப் பங்கு சேர்த்து, தோட்டத்தைத் தொழிலாளிகளே வாங்குவது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது விளையாட்டில்லை. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். நம்பினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்திய காலம். 1955 முதல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்தவர், 1973-இல் உட்கட்சி நெருக்கடியில் அந்த நாற்காலியை விட்டு எழுந்தார். அமைச்சர் பதவியும் போனது. பதவி போனவர்கள் நம் ஊரில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒன்று புதுக் கட்சி தொடங்குவார்கள், இல்லையென்றால் திண்ணையில் உட்கார்ந்து பழைய கணக்குப் பேசுவார்கள். சம்பந்தன் கூட்டுறவுச் சங்க வேலையைத் தொடர்ந்து பார்த்தார். 1979-இல் கண்மூடும் வரை பார்த்தார். தோட்டம் வைத்திருந்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அரசியலுக்கு வந்து செல்வத்தைக் கரைத்தவர், சேர்த்தவரல்ல. அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. ஆனால் நாற்காலி இருந்தபோது இருந்த ஆளும் இல்லாதபோது இருந்த ஆளும் ஒரே ஆள்தான் என்று சொல்லும்படி நடந்துகொண்டார். எத்தனை பேரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

கடைசியாக என் பெரியம்மா மகள். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் மலிவு விலை அடுக்குமாடியில் நான்காம் மாடியில் வந்து விழுந்தார். ஆடு போயிற்று. கொல்லைப்புற முருங்கை போயிற்று. அவர் வருடாவருடம் பால்குடம் எடுத்த தோட்டத்து மாரியம்மன் கோயிலும் போயிற்று. அழுதார், பிறகு நிறுத்திக்கொண்டார். பிளாட்டில் வாங்கும் காஸ் தோம்பையும் பேரப்பிள்ளை கற்றுக்கொடுத்த கைப்பேசியையும் வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டார். கைப்பேசியில் காசு கட்ட என்னைவிட அவருக்கு நன்றாக வருகிறது.

அவரால் பொறுக்க முடியாதது லிஃப்ட். மாதத்தில் பாதி நாள் நின்றுவிடும். மற்றவர்கள் திட்டிக்கொண்டே படியேறுவார்கள். அக்காவும் திட்டுவார், அதில் குறை வைக்க மாட்டார். ஆனால் மேலே ஏறி மூச்சு வாங்கியதும் ஒரு 555 புத்தகத்தை எடுப்பார். தோட்டத்துக் கடையில் பற்று எழுத வைத்திருந்த அதே மாதிரிச் சின்னப் புத்தகம். தேதி, எந்த லிஃப்ட், எத்தனை மணிக்கு நின்றது, யாருக்கு எப்போது போன் செய்தோம், என்ன பதில் வந்தது. ஆறாம் வகுப்போடு நின்ற தமிழ்ப்பள்ளி எழுத்தில், கோடு பிசகாமல். மருமகன் கேலி செய்வான், ‘என்ன மாமி, லிஃப்ட்டுக்கும் பற்று எழுதுறீங்களா?’ என்று. ‘கடன்காரனுக்குத்தானேடா பற்று எழுதுவாங்க’ என்பார்.

குடியிருப்பாளர் கூட்டம் வந்தது. பலரும் எழுந்து கத்தினார்கள். நிர்வாகத்து ஆள் தலையைக் குனிந்துகொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். தமிழில் எழுதியிருந்ததைப் பாசார் மலாயில் வாசித்தார், ஒவ்வொரு தேதியாக. நடுவில் அந்த ஆள் ‘போதும் மக்சிக்’ என்றார். அக்கா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கீழ்மாடியில் இருக்கும் மலாய்க்கார மூதாட்டியும் எதிர்வீட்டுச் சீனரும் ஒவ்வொரு தேதிக்கும் ‘பெத்துல், பெத்துல்’ என்று சாட்சி சொன்னார்களாம். முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

லிஃப்ட் இப்போது ஓரளவு ஓடுகிறது. அக்காவை நிர்வாகக் குழுவில் போட்டிருக்கிறார்கள். தலைவர் பதவி வேண்டாம், பொருளாளர் பதவி கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு என்று போன வாரம் புதுப் புத்தகம் ஒன்று போட்டிருப்பதாகக் கேள்வி.