பாதிச் செய்முறை

அப்பாவின் காலைகள் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். ஐந்து மணிக்கு எழுந்து கடற்கரைச் சாலையில் காந்தி சிலைவரை நடப்பார். திரும்பும் வழியில் தெருமுனை ரொட்டிக்கடையில் நீள ரொட்டி ஒன்றை வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். அதைத் துண்டாக்கிக் காபியில் தோய்த்துச் சாப்பிட்ட பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது அவருக்கு வயது 81. 65 வயதைக் கடந்தவர்கள் வெளியே வரவேண்டாம் என்றார்கள். கடற்கரைச் சாலையை அடைத்தார்கள். ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்த்தவர்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் கடையும் மூடிக் கிடந்தது. அப்பா குறையேதும் சொல்லவில்லை. இட்லியைக் காபியில் தோய்க்க முடியாது என்று மட்டும் ஒரு நாள் சொன்னார்.

அந்த நாட்களில் உலகமே மாவு பிசைந்துகொண்டிருந்ததாகத் தோன்றியது. பாரிஸில் இருக்கும் சித்தி மகள் தான் சுட்ட ரொட்டியைப் படமெடுத்து அனுப்பினாள். அங்கே கடைகளில் மாவும் ஈஸ்ட்டும் கிடைப்பது அரிதாகிவிட்டதென்றும் எழுதியிருந்தாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் காபித்தூளையும் சர்க்கரையையும் கை வலிக்க நுரைத்து டல்கோனா காபி செய்தார்கள். எங்கள் பொழுதுபோக்குகள் இன்னும் பழமையானவை. முற்றத்தில் அப்பாவின் பெத்தாங்க் குண்டுகளை உருட்டினோம். நான்கு பேர் ஆடவேண்டிய பெலோத் சீட்டாட்டத்தை இருவராக ஆடிப் பார்த்தோம். மாலைகளில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் இந்த ஊரை முற்றுகையிட்ட பக்கங்கள் வந்தபோது அப்பா புத்தகத்தை மூடச் சொன்னார்.

செய்வதற்கு வேறு வேலை இல்லாத ஒரு பிற்பகலில் சமையலறை அலமாரியை ஒழிக்கப்போய், மேல்தட்டின் மூலையில் அந்தக் கண்ணாடிப் புட்டியைக் கண்டேன். ரம்மில் ஊறிக் கறுத்துக் கிடந்த உலர்திராட்சையும் பழத்தோலும். அம்மா ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் மாதத்தில் விவிக்கத்துக்காக ஊறப்போடுவது. 2019 ஆகஸ்டிலும் போட்டிருந்தாள். அக்டோபரில் இறந்துபோனாள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் எதுவும் செய்யவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: விவிக்கம் என்பது புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் கேக். மைதாவுக்குப் பதில் ரவை. அத்துடன் வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய பழங்கள். 1954இல் ஆட்சி கைமாறிய பின்னும் எங்கள் அடுப்பங்கரைகளை விட்டுப் போகாத பண்டம்.

புட்டியை அப்பாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். நான்கு நாள் கழித்து அவரே பேச்செடுத்தார். ஏப்ரல் 12 ஈஸ்டர். சம்பா கோவிலுக்குப் போக வழியில்லை. பூசையைத் தொலைக்காட்சியில்தான் பார்க்கவேண்டும். "அன்றைக்கு அதைச் செய்துவிடலாமா அம்மா?" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. கெடுத்துவிட்டால் மறுபடி ஊறப்போட அவள் இல்லை.

அம்மாவின் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ரவையை வெண்ணெயில் பிசைந்து ஓர் இரவு வைக்கவேண்டும், சர்க்கரை இவ்வளவு, முட்டை இத்தனை என்று அழகான கையெழுத்தில் எல்லாம் இருந்தது. கடைசி வரி: 'தட்டில் ஊற்றிக் கடைக்கு அனுப்பவும்.' அதோடு முடிந்துவிட்டது. எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, எப்போது எடுப்பது, ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் கேக் சுட்டதே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் நடந்தது கலப்பது மட்டுமே. டிசம்பர் கடைசியில் தெருக்காரர்கள் தத்தம் தட்டுகளை ரொட்டிக்கடைக்கு எடுத்துச் செல்வார்கள். இரவு ரொட்டியெல்லாம் வெந்து வெளியே வந்தபின், விறகு அணைந்து, செங்கல் அடுப்பில் சூடு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ரொட்டிக்கு வேண்டிய கடுஞ்சூடு கேக்குக்கு ஆகாது. இறங்கும் சூடே அதற்கு ஏற்றது. பெயர்ச் சீட்டு ஒட்டிய தட்டுகளை நீண்ட மரத்துடுப்பால் உள்ளே தள்ளுவார்கள். அம்மாவின் கைப்பக்குவம் என்று நாங்கள் பெருமை பேசியதில் பாதி, பெயர்கூடத் தெரியாத ஓர் அடுப்புக்காரருடையது.

"நான் பார்த்திருக்கிறேன்" என்றார் அப்பா. நாற்பது வருடங்களாகத் தட்டை எடுத்துச் சென்றவர் அவர். வெந்து வரும்வரை கடை வாசலிலேயே நின்றவர். "முதலில் வெண்ணெய் வாசனை வரும். பிறகு ரம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது. அப்போது எடுப்பார்கள்."

கனத்த பாத்திரம் ஒன்றின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் முக்காலி வைத்து, தட்டை இறக்கி மூடினேன். அப்பா சமையலறை நிலைப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இருமுறை நான் மூடியைத் திறக்கப்போனபோது கைகாட்டித் தடுத்தார். அவர் சொன்னபோது எடுத்தேன். அடிப்பக்கம் கருகியிருந்தது. நடுவில் நன்றாக வெந்திருந்தது.

அடியைச் சீவித் தள்ளிவிட்டு ஒரு துண்டு தின்றார். சுவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "திராட்சை குறைவாக இருக்கிறதே" என்றார். ஒரு கைப்பிடியைப் புட்டியிலேயே விட்டுவைத்திருந்ததை ஒப்புக்கொண்டேன். எல்லாவற்றையும் போட்டிருக்கலாம் என்று கோபித்துக்கொண்டார். இன்னொரு துண்டும் கேட்டார்.

ஊரில் மதுக்கடைகள் மே கடைசி வாரத்தில்தான் திறந்தன. கூட்டம் ஓய்ந்தபிறகு ஒரு புட்டி ரம் வாங்கி வந்தேன். ஆகஸ்டில் புதுத் திராட்சையை அந்தக் கைப்பிடியோடு சேர்த்து ஊறப்போட்டேன்.

டிசம்பரில் ரொட்டிக்கடை மறுபடி இயங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்துப் போகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் கேளாமல் அப்பாவே தட்டைத் தூக்கிக்கொண்டார். நான் கூட நடந்தேன். கடை வாசலில் நின்றவர்களுக்கு நடுவே இடைவெளி விட்டு வட்டம் போட்டிருந்தார்கள். தன் வட்டத்தில் நின்று அப்பா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டார். பின்னால் நின்ற பெண் ஏற்றிப் போடச் சொல்லி அதட்டினாள். "இரம்மா, இன்னும் வெண்ணெய்தான் வருகிறது" என்றார் அப்பா.