நான் சுவர் எழுப்பிய கதை

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயர் ஒருவர், கோடை விடுமுறையில் தமது வீட்டுக் கொல்லையில் கடப்பாரையும் கையுமாக நிற்பதைக் கண்டால் ஊரார் என்ன நினைப்பார்கள்? சிலர், பாவம், சம்பளம் நின்று போயிற்றோ என்று இரங்கினார்கள். சிலர் புதையல் என்றே தீர்மானித்துவிட்டார்கள். உண்மை அவ்வளவு சுவாரஸ்யமானதன்று. நான் ஒரு சுவர் கட்டிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு இல்லை, சிமெண்டு இல்லை. வெறுங் கல்லின்மேல் வெறுங் கல். அதுவரையில் என் ஆயுளில் நான் அடுக்கியவை விடைத்தாள் கட்டுகள் மட்டுமே.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையைவிட்டுச் சற்று உள்ளே, ஒரு பழைய ஏரிக்கு அருகில் இருக்கிறது. 1998-ஆம் வருஷம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கியபோது நான் கல்லூரி மாணவன். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தபோது உபாத்தியாயராகிவிட்டேன். இடையிலுள்ள வருஷங்களில் எங்கள் பக்கத்து மேடுகளெல்லாம் லாரியேறிப் போய்ப் பள்ளங்களை நிரப்பின, பள்ளங்களெல்லாம் மேடாயின. அடுத்த மனைக்காரரும் தொழிலாளர் விடுதி கட்டுவதற்காகத் தம் நிலத்தை 4 அடி வெட்டினார். தம் நிலத்தைத் தாம் வெட்டிக்கொள்ள அவருக்குப் பாத்தியதை உண்டு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் கொல்லை, கரை அறுந்த வரப்பைப்போல, அந்தரத்தில் நின்றது. வெட்டிய விளிம்புக்கு 7 அடி தூரத்தில் ஒரு வேப்பமரம். நான் பிறந்த வருஷம் என் தகப்பனார் நட்டது. அவர் காலஞ்சென்ற பிறகு, மாலை வேளைகளில் என் தாயாருக்கு வீடு என்பது அந்த மரத்தடிக் கட்டில்தான்.

உடனே ஒரு காண்ட்ராக்டரை அழைத்து, 20 அடி நீளத்துக்குச் சிமெண்டுக் கல்லில் சுவர் எழுப்பி, வழவழவென்று பூசினேன். தண்ணீர் வடிவதற்கு நாலைந்து துளை விடலாமா என்று அவர் கேட்கத்தான் கேட்டார். பார்வைக்கு அசிங்கமாயிருக்கும் என்று மறுத்தவன் நான்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு நாள் மழையில் சுவர், விருந்து சாப்பிட்ட வயிறுபோல, நடுவில் உப்பிற்று. அன்று இரவு ஒரு பெரிய ஓசை. டார்ச் விளக்கோடு ஓடிப்போய்ப் பார்த்தால், சுவர் அடுத்த மனையில் குப்புறக் கிடக்கிறது. மண் கரைந்து, வேப்பமரத்து வேர்கள் வெளியே தெரிகின்றன. நல்ல வேளையாக அந்தப் பக்கம் யாரும் படுத்திருக்கவில்லை. என் தாயார் வாசற்படியில் நின்று, "உங்கப்பா வெச்ச மரம்டா" என்று மட்டும் சொன்னாள்.

மழை நின்றபின் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுவருக்குப் பின்னால் 4 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், 20 அடி நீளச் சுவரைத் தள்ளுவது, மண்ணின் பாரம் நீங்கலாக, ஏறக்குறைய 4½ டன். அந்தத் தண்ணீர் ஒரு குளமாகப் பரந்து நிற்கவேண்டும் என்பதில்லை. ஓர் அங்குல இடுக்கில் நின்றாலும் அதே பலம்தான். அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததன்று. இதைக் கரும்பலகையில் 20 வருஷமாக எழுதிவருகிறவன் நான்! பிள்ளைகள் பரீட்சையில் மறந்தால் காதைத் திருகலாமா என்று தோன்றும். என் காதை யார் திருகுவது?

திருகுவதற்கு ஒருவர் வந்து சேர்ந்தார். என் மாணவன் ஒருவனுடைய பாட்டனார், எழுபது தாண்டியவர், வாலிபத்தில் ஏரிக்கரைகளில் கல் பாவும் வேலை செய்தவர். விழுந்து கிடந்த சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு வழி விடாத சொவரு எத்தினி நாளைக்கு நிக்கும் வாத்தியாரே?" என்றார்.

எங்கள் ஜில்லாவில் ஏரிக்குக் குறைவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்திலேயே, 919-லும் 921-லும், ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் இருந்தது என்று படித்துப் பெருமைப்படுகிறோம். ஆனால் மண்ணாலான கரையை அலை அரிக்காமல் காப்பது எது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கரையின் நீர்ப்புறத்தில் பாவிய கல்தான். சாந்து கிடையாது. அலை வந்து மோதும், இடுக்கில் புகும், திரும்பி வடியும். கரை தாழ்ந்தால் கல்லும் கூடவே தாழ்ந்து அமர்ந்துகொள்ளும், வெடிப்பதில்லை.

"அதே மாதிரி உன் கொல்லைக்கும் அடுக்கலாம். ஆனா எனக்கு முதுகு வளையாது. நீ தூக்கு, நான் சொல்றேன்" என்றார் பெரியவர்.

2024 மே மாதத்தில் 2 யூனிட் கருங்கல் வந்து இறங்கிற்று. யூனிட் என்றால் 100 கன அடி. இந்தப் பக்கத்துக் கருநீலக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக்கு வைத்த கல் இந்த இனந்தான் என்று கண்டு, ஹாலண்ட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1893-இல் அப்படிப் பெயரிட்டார். பெயர் எவ்வளவு கௌரவமாயிருந்தாலும் என்ன, ஒரு கன அடி 75 கிலோவுக்குக் குறையாது. முதல் நாளே என் இடது கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிற்று.

அடுத்த மனைக்காரரிடம் சொல்லிவிட்டு, கெட்டி மண் தென்படும் வரையில் ஓர் அடி ஆழத்துக்குக் கடைக்கால் வெட்டினேன். அகலம் 2 அடி; உயரத்தில் பாதி. பெரிய கற்களை அதில் இறக்கினேன். பெரியவர் இரண்டு மூன்று நாள் வெளியூர் போயிருந்தார். நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கல்லிலும் அழகான நீண்ட முகத்தைத் தேர்ந்து வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, இரண்டடி உயரம் எழுப்பிவிட்டேன். என் மனைவி அதைக் கைபேசியில் படம் பிடித்து உறவினருக்கெல்லாம் அனுப்பினாள். பாராட்டுகள் குவிந்தன.

பெரியவர் வந்தார்; பார்த்தார்; செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் ஒரு தள்ளுத் தள்ளினார். மூன்று கற்கள் உள்ளே சரிந்தன.

"சொவரு கட்டலை, படம் மாட்டி வெச்சிருக்கே. கல்லுக்குத் தலை வெளியே இருக்கணும், ஒடம்பு உள்ளே போவணும்."

நாலு நாள் வேலையை ஒரே காலையில் பிரித்தேன். உள்ளதைச் சொன்னால், அழுகை வந்தது. நாற்பது வயது கடந்து, பட்டமும் பெற்றவன், கல்லின் பொருட்டு அழலாமா என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகுதான் பாடம் தொடங்கிற்று. ஒவ்வொரு கல்லும் நீளவாட்டில் மண்ணை நோக்கிப் படுக்கவேண்டும்; சற்று உட்புறமாகவும் சாயவேண்டும். கீழ்வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்தின்மேல் மேல்வரிசையில் ஒரே கல் ஏறவேண்டும். இல்லாவிட்டால் இடுக்கு, ஓடிப்போன தையலைப்போல, மேலிருந்து கீழ்வரை திறந்துகொள்ளும். ஆட்டம் கண்ட கல்லுக்கு ஆப்பு பின்னாலிருந்துதான். முன்னாலிருந்து சொருகினால் நாளடைவில் கழன்று விழும். நடுவில் சிறு கற்களைக் கையால் இறுக்கி நிரப்பவேண்டும், மண்ணை அள்ளிப் போடலாகாது. மூன்றடிக்கு ஒன்றாக, சுவரின் முழு அகலத்தையும் ஊடுருவும் நீண்ட கல். சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் ஜல்லி. முகம் 6 அடிக்கு ஓர் அடி வீதம் பின்னோக்கிச் சாயவேண்டும். 4 அடிச் சுவருக்கு 8 அங்குலம். நான் தூக்குக் குண்டை எடுத்து வந்தபோது பெரியவர் சிரித்தே விட்டார். அதற்குப் பதிலாக, சாய்வு அளந்து இரண்டு சட்டம் நட்டுக் கயிறு கட்டச் சொன்னார்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது கல்லைத் தேர்வது. கையில் எடுத்த கல்லுக்கு இடம் தேடுவதா, காலியான இடத்துக்குக் கல் தேடுவதா? மூன்றாம் வாரத்தில்தான் குவியலைப் பார்த்தமாத்திரத்தில் "அது" என்று கண் சொல்ல ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் மூத்த பேரன் வந்தான். கார்த் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. அங்கே இயந்திரக் கை கதவைத் தூக்கி மயிரிழை பிசகாமல் பொருத்துமாம். சொல்லிக்கொண்டே ஒரு கல்லைத் தூக்கினான், வைத்தான், ஆடிற்று, திருப்பினான், ஆடிற்று. சட்டையைக் கழற்றினான். அன்று மாலைவரை அவன் போகவில்லை. பெரியவர் என்னை மறந்து அவனையே திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஓய்வு வேளையில் அவருக்கு ஒரு செய்தி சொன்னேன். சாந்தின்றிக் கல் அடுக்கும் கலையை யுனெஸ்கோ ஸ்தாபனம் 2018-இல் மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. கிரீஸ், இத்தாலி, பிரான்ஸ் முதலிய எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில். பீகாரில் ராஜகிருஹத்தைச் சுற்றி, மௌரியருக்கும் முற்பட்ட காலத்தில், சாந்தின்றி எழுப்பிய மதில் சுமார் 40 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆனால் இந்தப் பட்டியலில் நம் தேசத்தைக் காணோம் என்று சற்று ஆவேசமாகவே பேசினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பட்டியல்ல போட்டா கூலி ஏத்திக் குடுப்பாங்களா?" என்றார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் கடைசிக் கல் ஏறிற்று. வெளிவந்திருந்த வேர்களுக்கு மண் அணைத்தேன். சுவரைப் படம் பிடிக்க மனைவியை அழைக்கவில்லை.

நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிற்று. எங்கள் பக்கத்திலும் கொட்டித் தீர்த்தது. இரவு 11 மணிக்குக் குடையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு அடுத்த மனைக்குள் இறங்கினேன். விளக்கை அடித்ததும் நெஞ்சு திக்கென்றது. சுவர் முழுவதும், ஒவ்வோர் இடுக்கிலும், தண்ணீர் கசிந்து வழிந்துகொண்டிருந்தது. மறுகணம் புரிந்தது. கலங்கலாக இல்லை, தெளிந்த நீர். மண் உள்ளேயே இருந்தது. நனைந்துகொண்டே வெகுநேரம் அங்கே நின்றேன். மேலேயிருந்து தாயார் இரண்டு முறை கூப்பிட்ட பிறகே ஏறி வந்தேன்.

மறுநாள் மழை விட்டதும் பெரியவர் வந்தார். சுவரோரமாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கையால் தடவிக்கொண்டே நடந்தார். மேலிருந்து மூன்றாம் வரிசையில் ஒரு கல்லின்மேல் கை நின்றது.

"இது ஒண்ணு லேசா ஆடுது. யாரு வெச்சது, நீயா, அவனா?"

நான்தான். கடப்பாரை எடுக்க உள்ளே போனேன்.