ராய்ஸ்டனின் ஊதாச் சரிவு

லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் ரயிலில் போகிறவர்கள் ராய்ஸ்டனில் இறங்கினால், அது பெரும்பாலும் குகையைப் பார்ப்பதற்காகத்தான். 1742இல் சந்தையில் பெஞ்சுக்குக் கால் நடத் தோண்டியபோது ஒரு திரிகைக் கல் தட்டுப்பட்டது. அதற்கடியில் மணி வடிவக் குகை, சுவர் முழுக்கச் சிற்பங்கள். யார் குடைந்தார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. முதலாம் ஜேம்ஸ் மன்னர் வேட்டைக்காக மாளிகை கட்டிக்கொண்ட ஊர் இது. 1890கள் வரை பாதி ஊர் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் பாதி ஹார்ட்ஃபோர்ட்ஷயரிலும் கிடந்தது.

என்னைக் கேட்டால், குகையை விட்டுவிட்டு ஏப்ரலில் தெர்ஃபீல்ட் ஹீத்துக்குப் போங்கள் என்பேன். ஊரை ஒட்டிய சுண்ணாம்பு மேடு. ஈஸ்டரை ஒட்டி அங்கே பாஸ்க் பூ பூக்கிறது. சாண் உயரம்கூட இருக்காது. மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். தண்டு, மொட்டு, இலை எல்லாவற்றிலும் வெள்ளிப் பூனைமுடி. ஆறு ஊதா இதழ்கள், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து. குளிர் முழுசாக விலகுமுன்பே தேனீக்கள் வந்துவிடும். பூ உதிர்ந்ததும் தண்டு நீண்டு, இறகு முளைத்த விதைகளைத் தூக்கி நிறுத்தும்.

டேனிஷ் வீரர்களின் ரத்தம் சிந்திய இடத்தில்தான் இது முளைக்கும் என்பது பழங்கதை. ஏர் படாத மண்ணில்தான் நிற்கும் என்பதே நிஜம். பழைய புதைமேடுகளை யாரும் உழுவதில்லை, அங்கே பூ தப்பித்தது. கதை கட்டியவர்கள் கல்லறையைப் பார்த்தார்கள், ஏரைப் பார்க்கவில்லை. மற்ற புல்வெளிகளையெல்லாம் உழுது தீர்த்ததில், இங்கிலாந்து முழுக்க இது இயல்பாக வளரும் இடங்கள் இன்று இருபதைத் தாண்டாது. 2002இல் நடந்த வாக்கெடுப்பில் கேம்பிரிட்ஜ்ஷயர், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஆகிய இரண்டு கவுண்டிகளுக்கும் இதுவே மலராகத் தேர்வானது. எல்லைக்காக ஊரைப் பிளந்து வைத்திருந்தவர்கள் பூவிலாவது ஒத்துப்போனார்கள்.

இந்தச் செடிக்கு உரம் ஆகாது. மண் சத்தில்லாமல் இருக்க வேண்டும், புல் குட்டையாக இருக்க வேண்டும். புல் ஓங்கினால் செடி மூச்சுமுட்டிப் போகும். அதனால் செம்மறிகள் மேய்ந்தாக வேண்டும். ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் துரத்துகிற இடத்தில் எந்த ஆட்டுக்காரர் மந்தையை விடுவார்? நாய் கழித்துவிட்டுப் போவதோ, மண்ணுக்குச் சும்மா போடும் உரம். ஊரைச் சுற்றி வீடுகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு நாயோடு நடக்க இதைவிட்டால் அருகில் வேறு வெளி கிடையாது. வீட்டுக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் கூடவே ஒரு மைதானமாவது ஒதுக்கியிருக்கக் கூடாதா? பூக்காலத்தில் படம் எடுக்கிறேன் என்று சரிவில் குப்புறப் படுக்கிறவர்கள் வேறு. ஒரு பூவுக்காகப் பத்து மொட்டை நசுக்கிவிட்டு எழுந்து போகிறார்கள். பாதையைவிட்டு இறங்காதீர்கள் என்று சொன்னால், “இது பொது இடம்தானே” என்று நம்மையே முறைக்கிறார்கள்.